பித்தளைக்குத் துளை போட்டவர்கள்

(திருப்பூரில் இசை ஆர்வலர்களும் தொழில்துறையினரும் கூடிய மாலை அவையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்தத் தலைப்பைத் தொலைபேசியில் சொன்னதும் அமைப்பாளர் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. "ஏனுங்கய்யா, நூல் விலையப் பத்திப் பேசினாக் கூட்டம் வருமுங்க. பழைய பித்தளை ஊதுகருவிக்கு ஆருங்க வருவாங்க?" என்றார். "அனுப்பர்பாளையம் உங்க ஊர்லதானே இருக்குது?" என்று திருப்பிக் கேட்டேன். சிரித்துவிட்டு ஒப்புக்கொண்டார். பனியனின் புகழில் வெளியே அதிகம் தெரியாமல் போனாலும், பித்தளைத் தகட்டையும் செம்புத் தகட்டையும் அடித்து, வளைத்து, பற்றவைக்கத் தெரிந்த கைகள் இந்த ஊரில் தலைமுறை தலைமுறையாக இருக்கின்றன. அண்டாவும் குடமும் தவலையும் செய்கிறவருக்கு நான் சொல்லப்போகிற வேலையில் பாதி உடனே புரிந்துவிடும். மீதிப் பாதி காது சம்பந்தப்பட்டது. அதற்கு நம் சங்கீதம் துணைக்கு வரும்.

ஏறத்தாழ 1790 முதல் 1850 வரை ஐரோப்பாவில் சிலர் பித்தளை ஊதுகருவிகளின் உடம்பில் துளை போட்டு, அந்தத் துளைகளை மூடித் திறக்கச் சாவி வைத்தார்கள். நம் பேண்டுக்காரர்கள் 'கீ' என்பார்கள். நான் சாவி என்றே சொல்கிறேன். அறுபது வருடம் நன்றாக ஓடிவிட்டு அந்தக் கருவிகள் மறைந்துபோயின. தோற்றுப்போன ஏற்பாடு என்று இசை வரலாற்று நூல்கள் ஒரு பத்தியில் முடித்துவிடுகின்றன. எனக்கு அதில் சம்மதமில்லை. அது எதனால் தோற்றது என்பதையும், அதன் வாரிசு ஒன்று நம் கச்சேரி மேடைக்கே வந்து சேர்ந்ததையும் சேர்த்து வைத்துப் பார்த்தால், விரலுக்கும் சாவிக்கும் நடுவே ஒரு பழைய வழக்கு இருப்பது தெரியும். அந்த வழக்கில் நம் சங்கீதமும் ஒரு கட்சி.

கொம்பிலிருந்து தொடங்குகிறேன். கொங்கு நாட்டுக் கோயில் விழாக்களில் கொம்பும் தாரையும் ஊதுவதைக் கேட்டிருப்பீர்கள். வளைந்தது கொம்பு, நீண்டது தாரை. இரண்டிலும் துளை கிடையாது. ஊதுகிறவர் உதட்டை இறுக்கியும் தளர்த்தியும்தான் சுரத்தை மாற்ற வேண்டும். அப்படி மாற்றினாலும் நினைத்த சுரமெல்லாம் வராது. குழாயின் நீளம் எதற்கு இடம் கொடுக்கிறதோ அதுதான் வரும். அடி ஒலியை ச என்று வைத்துக்கொண்டால் அடுத்தது மேல் ச, பிறகு ப, மறுபடி ச, அந்தர காந்தாரம், மீண்டும் ப, சற்றே தாழ்ந்த ஒரு நிஷாதம், திரும்பவும் ச. இதுதான் இயற்கை கொடுத்த வரிசை. கீழே இடைவெளி பெரிது. மேலே போகப் போக நெருங்கும். ஆகவே கீழ்ப் பகுதியில் ஒரு கொம்பால் மோகனம்கூட வாசிக்க முடியாது. ரிஷபத்துக்கு எங்கே போவது? தைவதத்துக்கு எங்கே போவது?

ஐரோப்பிய டிரம்பெட்டுக்கும் இதே தலையெழுத்துதான். பாக் காலத்து வித்துவான்கள் சுரங்கள் நெருங்கி நிற்கும் மேல் பகுதியிலேயே உலவிச் சமாளித்தார்கள். அதற்கு வருடக்கணக்கில் பழக்கிய உதடு வேண்டும்.

இடைவெளியை நிரப்ப மூன்று வழிகள் உண்டு. குழாயை இழுத்து நீட்டலாம்; டிரோம்போன் செய்வது அது. வேண்டும்போது கூடுதல் குழாயை வழியில் கோத்துக்கொள்ளலாம். வால்வு செய்வது அது. அல்லது உடம்பில் துளை போட்டு, அதைத் திறக்கும்போது குழாய் அந்த இடத்தோடு முடிந்துவிட்டது என்று உள்ளேயிருக்கும் காற்றை நம்பவைக்கலாம். புல்லாங்குழலும் நாகசுரமும் செய்வது இதைத்தான்.

உதட்டால் ஊதும் கருவியில் துளை போடுவதும் பழைய யோசனையே. பிரான்சின் ஓசேர் நகரில் 1590 வாக்கில் எத்மே கியோம் என்ற பாதிரியார் உருவாக்கியதாகச் சொல்லப்படும் 'செர்ப்பன்ட்' பாம்பைப்போல நெளிந்த மரக்கருவி. மேலே தோல் போர்த்தி, ஆறு துளை. அந்தத் துளைகள் விரலுக்கு எட்டிய இடத்தில் இருந்தன. சுரத்துக்கு வேண்டிய இடத்தில் இல்லை. அதனால் வாசிக்கிறவர் ஒவ்வொரு சுரத்தையும் உதட்டால் தள்ளித் தள்ளிச் சரிசெய்ய வேண்டியிருந்தது. சாவி பிறந்த காரணம் இங்கே இருக்கிறது. துளை இருக்க வேண்டிய இடம் ஒன்று, விரல் போய்ச் சேரும் இடம் இன்னொன்று. ஒரு நெம்புகோலை நடுவில் வைத்து இரண்டையும் இணைத்தார்கள்.

எத்தனை சாவி வேண்டும்? நம் பன்னிரண்டு சுரஸ்தானக் கணக்கே விடை சொல்லிவிடும். ப-வுக்கும் மேல் ச-வுக்கும் நடுவே இரண்டு தைவதம், இரண்டு நிஷாதம். அங்கே நான்கு துளை போதும். ச-வுக்கும் ப-வுக்கும் நடுவே இரண்டு ரிஷபம், இரண்டு காந்தாரம், இரண்டு மத்தியமம், ஆறு வேண்டும். அகன்ற வாய்க்கு அருகிலுள்ள துளையைத் திறந்தால் மொத்த வரிசையும் அரைச் சுரம் மேலே ஏறும். அடுத்ததைத் திறந்தால் இன்னோர் அரைச் சுரம். அந்தக் காலத்துச் சாவிக் கருவிகளில் ஐந்து, ஆறு என்று சாவிகள் இருந்ததற்குப் பின்னால் இருப்பது இந்தக் கணக்குதான்.

இனி வியன்னா. அங்கே அரசவை டிரம்பெட் கலைஞர் அன்டோன் வைடிங்கர். 1766-இல் பிறந்தவர். அவருக்கு முன்பே ஜெர்மனியில் சிலர் சாவி டிரம்பெட்டை முயன்றிருந்தாலும், அதைக் கச்சேரிக்கு ஏற்ற கருவியாக்கிக் காட்டியவர் இவர். இவருக்காகவே யோசப் ஹைடன் 1796-இல் ஒரு டிரம்பெட் கான்செர்ட்டோ எழுதினார். ஆனால் அது மேடையேறியது 1800 மார்ச் 28-இல், வியன்னாவின் பர்க் தியேட்டரில். அந்தக் கச்சேரிக்கு வைடிங்கர் கொடுத்த விளம்பரத்தில், ஏழு வருட உழைப்பும் செலவும் செய்து இந்தக் கருவியைச் சீர்செய்திருக்கிறேன் என்று அவரே அறிவித்திருந்தார். எழுதியவரோ ஹைடன். அவர் படைப்பைக் கையில் வைத்துக்கொண்டு வைடிங்கர், கருவி தேறும்வரை மேடைக்குக் கொண்டுபோகாமல் காத்திருந்தாரே, அந்தப் பொறுமைக்கே ஒரு கும்பிடு போடலாம்.

ஹைடன் ஒரு குறும்பும் செய்திருக்கிறார். தனி வாசிப்பு வருமுன், வாத்தியக் குழு வாசிக்கும்போதே டிரம்பெட் நடுவில் தலைகாட்டி ஓரிரு சுரங்களை ஊதும். எல்லாம் எந்த டிரம்பெட்டும் ஊதக்கூடிய சாதாரணச் சுரங்கள். 'ஓகோ, வழக்கமான டிரம்பெட்தான்' என்று சபை நினைத்திருக்கும். பிறகு தனி வாசிப்பு தொடங்கும்போது கீழ்ப் பகுதியில் ச, ரி, க என்று அடுத்தடுத்து ஏறும். அந்த ரிஷபம் சாவியில்லாத டிரம்பெட்டில் கிடையவே கிடையாது. மூன்றே சுரத்தில் புதுக் கருவிக்கு அறிமுகம் முடிந்துவிட்டது. பட்டறைக்காரர் கொடுத்ததை இவ்வளவு துல்லியமாகப் புரிந்துகொண்டு எழுதிய இசையமைப்பாளர்கள் குறைவு.

ஹைடனுக்குப் பிறகு இசையமைப்பாளர் ஹம்மலும் வைடிங்கருக்கு ஒரு கான்செர்ட்டோ எழுதினார். 1803 டிசம்பரில் முடித்தார். 1804 புத்தாண்டு நாளில் எஸ்டர்ஹாசி அரண்மனையில் வாசிக்கப்பட்டது. இன்று உலகெங்கும் டிரம்பெட் கற்கும் மாணவர் இந்த இரண்டையும் வாசித்தே தீர வேண்டும். வாசிப்பதோ வால்வு டிரம்பெட்டில்.

இவ்வளவு பேர் வாங்கியும் சாவி டிரம்பெட் ஏன் பரவவில்லை? பாத்திரக்காரரும் பாட்டுக்காரரும் சேர்ந்து யோசிக்க வேண்டிய இடம் இது. டிரம்பெட்டின் கம்பீரம் அதன் அகன்ற வாயில் இருக்கிறது. உள்ளே அதிரும் காற்று அந்த வாய் வழியே வெளியேறும்போதுதான் அந்தக் கூர்மையும் பளபளப்பும் கிடைக்கும். பக்கத்தில் ஒரு துளையைத் திறந்தால் ஒலி அந்தத் துளை வழியேயும் கசியும். வாய்க்கு வேலை குறையும். அதனால் துளை திறக்காத சுரம் வெண்கலம்போலக் கணீரென்றும், துளை திறந்த சுரம் போர்வைக்குள்ளிருந்து வருவதைப்போலவும் கேட்கும். மெல்லிய, ஒரே அகலமாக ஓடும் டிரம்பெட் குழாயில் இந்த வித்தியாசம் தூக்கலாகத் தெரியும். தொடக்கத்திலிருந்தே கூம்பாக விரிந்துகொண்டு போகும் குழாயில், பெரிய பெரிய துளையாகப் போட்டால், வித்தியாசம் குறையும்.

அந்தக் கூம்புக் குழாய் பியூகிளில் இருந்தது. அயர்லாந்தில் காவன் மிலிஷியாவின் பேண்டு மாஸ்டர் ஜோசப் ஹாலிடே, ராணுவ பியூகிளின் உடம்பில் ஐந்து சாவி பொருத்தி, 1810 மே மாதம் காப்புரிமை வாங்கினார். கென்ட் கோமகனின் பெயரைச் சேர்த்து 'ராயல் கென்ட் பியூகிள்' என்று அதை அழைத்தார்கள். விரைவிலேயே அகன்ற வாயை ஒட்டி ஆறாவது சாவி ஒன்றும் சேர்ந்தது. மற்ற சாவிகள் மூடியே இருக்கும், அழுத்தினால் திறக்கும். இது மட்டும் எப்போதும் திறந்தே நிற்கும், அழுத்தினால் மூடும். சின்ன விஷயம்தான். ஆனால் இதனால் கருவியின் அடிப்படைச் சுரமே ஒரு துளை வழியாக வெளியேறத் தொடங்கியது. மூடிய சுரம் ஒரு குரல், திறந்த சுரம் ஒரு குரல் என்ற பேதம் பெரிதும் அடங்கிவிட்டது.

பிரிட்டிஷ் ராணுவப் பேண்டுகளில் இது பரவிற்று. 1815-இல் வாட்டர்லூ போர் முடிந்து நேச நாட்டுப் படைகள் பாரிஸில் இருந்தபோது, கிரெனேடியர் கார்ட்ஸ் பேண்டின் ஜான் டிஸ்டின் இந்த பியூகிளை வாசிக்க, கேட்டு மயங்கிய ரஷ்ய இளவரசர் கான்ஸ்டான்டின் அதேபோல ஒன்று செய்யச் சொல்லிப் பாரிஸ் கருவி வினைஞர் அலாரியிடம் கொடுத்ததாக வரலாறு சொல்கிறது. அலாரி ஒன்றைப் பார்த்து ஒன்று செய்வதோடு நின்றுவிடவில்லை. பியூகிளுக்கு ஒரு குடும்பத்தையே உருவாக்கினார். அதில் பெரிய அண்ணன் ஆஃபிகிளைட். 1817-இல் வடிவமைத்தார், காப்புரிமை 1821-இல் கிடைத்தது. இடுப்புயரம் நிற்கும் கூம்புப் பித்தளை, ஒன்பது முதல் பன்னிரண்டு வரை சாவிகள், அகன்ற வாயை நெருங்க நெருங்கப் பெரிதாகும் துளைகள். 1830-இல் பெர்லியோஸின் கற்பனைச் சிம்பொனியிலும் 1846-இல் மெண்டல்சனின் 'எலியா'விலும் அதற்கு இடம் இருந்தது. அட்லாண்டிக்கைத் தாண்டி பிலடெல்பியாவில் ஃபிராங்க் ஜான்சன் என்ற கறுப்பினக் கலைஞர் சாவி பியூகிளில் பெயரெடுத்து, தன் குழுவோடு இங்கிலாந்துக்கே போய் 1837-38-இல் வாசித்துவிட்டு வந்தார். அமெரிக்காவில் அடிமை முறை ஒழிய இன்னும் கால் நூற்றாண்டு இருந்த காலம் அது.

இனிப் பட்டறைக்குள் போவோம். இந்தப் பகுதியைச் சொல்லத்தான் நான் திருப்பூர் வர ஒப்புக்கொண்டேன்.

பித்தளைத் தகட்டை விசிறி வடிவில் வெட்டுகிறார்கள். பியூகிள் என்றால் பல நேரம் செம்புத் தகடு, பித்தளைப் பூண். ஒரு ஓரத்தைப் பல் பல்லாக நறுக்கி, மறு ஓரத்தை அந்தப் பற்கள் கவ்விக்கொள்ளும்படி சுருட்டுகிறார்கள். சேர்ந்த இடத்தில் வெண்காரம் தடவி, பித்தளையைவிடக் குறைந்த சூட்டில் உருகும் பற்றாசு வைத்துக் காய்ச்சுகிறார்கள். பிறகு கூம்பு வடிவ எஃகுத் தண்டில் மாட்டி அடி, அடி, அடி. அடிக்க அடிக்கப் பித்தளை விறைக்கும், விறைத்தால் வெடிக்கும். எனவே நடுநடுவே நெருப்பில் காட்டி இளக்க வேண்டும். எந்தச் சிவப்பில் எடுக்க வேண்டும் என்பது கண்ணுக்குத்தான் தெரியும். குடம் அடிக்கிற எந்தப் பெரியவரைக் கேட்டாலும் இதைச் சொல்வார். அந்தக் காலத்து ஐரோப்பியப் பட்டறைக்கு வெண்காரம் திபெத்திலிருந்து இந்தியா வழியாகப் போன சரக்கு என்பதையும் இடையில் சொல்லிவைக்கிறேன்.

குழாயை வளைக்க வேண்டும். அப்படியே வளைத்தால் மடங்கிவிடும். உள்ளே ஈயத்தையோ கீலையோ உருக்கி ஊற்றி, ஆறியதும் வளைத்து, மறுபடி சூடேற்றி வடித்துவிடுகிறார்கள். உள்சுவரில் ஒரு சுருக்கம் மீந்தாலும் சுரம் அங்கே தட்டும். பாத்திரத்துக்கு வெளிப்புறம் அழகாக இருந்தால் விலை போகும். இதற்கு யாரும் பார்க்காத உட்புறம்தான் முக்கியம்.

அதன் பிறகு துளை. வளைந்த குழாயில் போட்ட துளையின் விளிம்பு தட்டையாக இருக்காது. மூடி அதன்மேல் உட்காராது. அதனால் துளையைச் சுற்றி ஒரு குட்டைக் கழுத்தைப் பற்றவைத்து, அதன் விளிம்பை அரத்தால் சமன் செய்கிறார்கள். மேலே கிண்ணம்போன்ற மூடி. மூடிக்குள் தோல் மெத்தை. தொடக்கத்தில் வெறும் தட்டைத் தோல் வில்லை. பிறகு ஆட்டுத்தோலுக்குள் கம்பளி அடைத்த மெத்தை வந்தது. அதைக் கிண்ணத்தில் ஒட்டவைக்க அரக்கு. மூடியைப் பிடித்து நிற்கும் நெம்புகோல், அது ஆடும் அச்சு, அதைத் திரும்பத் தள்ளும் பட்டை வில். வில் இறுக்கமாக இருந்தால் விரல் களைக்கும். தளர்ந்தால் மூடி சரியாக உட்காராது.

உட்காராவிட்டால் என்ன ஆகும்? பின்னல் எந்திரம் ஓட்டுகிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சிலிண்டரில் இருக்கும் அத்தனை ஊசியும் நன்றாக இருந்து, ஒரே ஒரு ஊசியின் நாக்கு வளைந்தால் போதும். துணி நெடுக நீடில் லைன் விழுந்துவிடும். சாவிக் கருவியும் அப்படியே. மேலேயிருக்கும் ஒரு மெத்தையில் மயிரிழை கசிவு இருந்தாலும், அந்தத் துளை மூடியிருக்க வேண்டிய கீழ்ச் சுரங்கள் அத்தனையும் கெட்டுவிடும். தோலோ ஈரத்தில் ஊறும், வெயிலில் சுருங்கும். சாவிக் கருவியின் பெரும்பகை இசை விமர்சகர்கள் அல்லர், இந்தக் கசிவுதான். இன்னொன்றும் சொல்கிறேன். நாக்கு வைத்த அந்த ஊசிக்கு லெஸ்டர் ஊர்க்காரர் மேத்யூ டவுன்செண்ட் காப்புரிமை வாங்கியது 1840-களின் பிற்பகுதியில். ஐரோப்பியப் பட்டறைகள் சின்னச் சின்ன உலோக மூடி திறப்புகளில் மூளையைச் செலவிட்ட காலம் அது.

சாவிக் கருவிகள் பரவிக்கொண்டிருந்தபோதே வால்வு வந்துவிட்டது. ஹைன்ரிக் ஸ்டோல்செல் என்ற ஜெர்மானியக் கலைஞர் 1814-இல் அதைக் காட்டினார். ஃபிரீட்ரிக் புளூமெலோடு சேர்ந்து 1818-இல் பிரஷ்யாவில் காப்புரிமை பெற்றார். 1835-இல் பெர்லினில் டியூபா வந்தது. 1839-இல் பாரிஸில் பெரினே இன்றுள்ள பிஸ்டன் வடிவத்துக்குக் கிட்டக் கொண்டுவந்தார். வால்வில் எந்தச் சுரமானாலும் காற்று கடைசிவரை போய் அகன்ற வாய் வழியே வெளியேறும். குரல் ஒரே சீராக இருக்கும். தோல் இல்லை, கசிவு குறைவு. மழையில் நனைந்து அணிவகுத்துப் போகும் ராணுவப் பேண்டுக்கு வேறென்ன வேண்டும்?

ஆனால் வால்வு குறையில்லாதது என்று எண்ண வேண்டாம். ஒவ்வொரு வால்வும் குறிப்பிட்ட நீளத்தைக் கூட்டுகிறது. இரண்டு மூன்றைச் சேர்த்து அழுத்தினால் கூடும் நீளம் தேவைக்குக் கொஞ்சம் குறையும். சுரம் சற்று மேலே நிற்கும். சாவிக் கருவியில் ஒவ்வொரு சுரத்துக்கும் தனித் துளை, தனி இடம். நல்ல வினைஞர் கையில் அது சுருதி சுத்தமாகவே இருந்திருக்கும். ஆகவே சாவி தோற்றது சங்கீதத்தில் அல்ல, பராமரிப்பில் என்பதே என் தீர்ப்பு. சண்டைக்கு வருகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் வரலாம்.

தோற்றதா என்றால், அதுவும் முழு உண்மை இல்லை. பெல்ஜியத்தின் டினான் ஊரில் 1814-இல் பிறந்த அடால்ஃப் சாக்ஸ், கருவி செய்கிறவரின் மகன். அவர் ஆஃபிகிளைட் போன்ற அகன்ற கூம்புப் பித்தளை உடம்பை எடுத்துக்கொண்டார். கிண்ணம்போன்ற ஊதும் வாய்க்குப் பதிலாகக் கிளாரினெட்டைப்போல ஒற்றை நாணல் பொருத்திய வாய். 1842-இல் பெர்லியோஸ் பத்திரிகையில் அதைப் புகழ்ந்து எழுதினார். 1846-இல் காப்புரிமை. அதுதான் சாக்ஸபோன். உதட்டதிர்வு போய் நாணலதிர்வு வந்ததும் துளைக்கும் வாய்க்கும் இருந்த சண்டை தீர்ந்தது. சாவி வைத்த பித்தளை மறுபிறவி எடுத்தது. சாக்ஸ் என்னவோ வழக்குகளிலும் கடனிலும் சிக்கி, ஒருமுறைக்கு மேல் திவாலாகி, 1894-இல் இறந்தார்.

இப்போது நம் பக்கம் திரும்புகிறேன். ஆங்கிலேயர் பேண்டு சென்னைக் கோட்டையில் முழங்கியபோது நம்மவர் காதைப் பொத்திக்கொண்டு இருக்கவில்லை. முத்துசுவாமி தீட்சிதர் அந்த மெட்டுகளுக்கு சமஸ்கிருத சாகித்தியம் போட்டார். அவையே நோட்டு சுரங்கள். அவர் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் அந்த மேற்கத்திய வாத்தியங்களில் ஒன்றை எடுத்துக்கொண்டார். எடுத்தது வயலினை. டிரம்பெட்டை எடுக்கவில்லை, பியூகிளை எடுக்கவில்லை. ஏன்? வயலினில் விரலுக்கும் தந்திக்கும் நடுவே ஒன்றுமில்லை. ரிஷபத்திலிருந்து காந்தாரத்துக்கு வழுக்கலாம், ஆட்டலாம், தொட்டுவிட்டுத் திரும்பலாம். கமகத்துக்கு உயிரே அந்த வழுக்கல்தான். பின்னால் கிளாரினெட்டை எடுத்தோம். சதிர்க் கச்சேரிக்கு அதைக் கொண்டுவந்தவர் மகாதேவ நட்டுவனார் என்பார்கள். அதைத் தனி மேடைக்கு உயர்த்தியவர் ஏ.கே.சி. நடராஜன். கிளாரினெட்டில் சாவிகள் உண்டு. ஆனால் முக்கியத் துளைகள் பலவற்றை விரலே நேரடியாக மூடுகிறது. விரலைக் கொஞ்சம் கொஞ்சமாக விலக்கினால் சுரம் வழுக்கி ஏறும். நாகசுரக்காரருக்குப் பழகிய வேலை.

சாக்ஸபோனில் அந்த வசதியும் கிடையாது. அத்தனை துளைக்கும் சாவி. சாவி திறந்தால் திறந்தது, மூடினால் மூடியது. கமகத்துக்கு இதைவிட முரட்டுக் கருவியைத் தேடிப் பிடிக்க முடியாது.

அதைத்தான் கத்ரி கோபால்நாத் பிடித்தார். மங்களூர்ப் பக்கம் 1949-இல் பிறந்தவர். தந்தையார் நாகசுர வித்துவான். மைசூர் அரண்மனை பேண்டில் சாக்ஸபோனைக் கேட்டு அதன்மேல் ஆசைப்பட்டார். கோபாலகிருஷ்ண அய்யரிடமும், சென்னையில் டி.வி. கோபாலகிருஷ்ணனிடமும் கற்றார். நாகசுரக்காரர் மகன் சாக்ஸபோனுக்குப் போனது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. இரண்டும் கூம்புக் குழாய், இரண்டிலும் நாணல், இரண்டுக்கும் வீதியை நிரப்பும் குரல். சாவி பறித்துக்கொண்ட வழுக்கலை அவர் உதட்டாலும் தாடையாலும் மூச்சாலும் மீட்டார். நாணலை அழுத்தும் அளவை நூலிழை நூலிழையாக மாற்றி, இரண்டு சாவிகளுக்கு நடுவிலிருக்கும் வெற்றிடத்தைப் பாடவைத்தார். கருவியையும் தம் தேவைக்கேற்பத் திருத்திக்கொண்டார். 1994-இல் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் பி.பி.சி. பிராம்ஸ் விழாவில் வாசித்தார். அதே வருடம் கே. பாலச்சந்தரின் 'டூயட்' படம் வந்தது. ஏ.ஆர். ரகுமான் இசையில் அவர் சாக்ஸபோனைக் கேட்ட பிறகு, நம் கல்யாண மண்டபங்களில் மங்கல இசைக்கே சாக்ஸபோன் வரத் தொடங்கிற்று. 2019 அக்டோபரில் அவர் மறைந்தார்.

இதற்கு நேர் எதிர்த்திசையில் என்ன நடந்தது என்று அறிய, நாகசுரம் செய்யும் நரசிங்கம்பேட்டையைப் பாருங்கள். டி.என். ராஜரத்தினம் பிள்ளைக்காக அங்கே ரங்கநாதன் ஆசாரி நாகசுரத்தின் நீளத்தை மாற்றி, பாரி நாகசுரத்தை வடித்துக் கொடுத்தார். 2022-இல் நரசிங்கம்பேட்டை நாகசுரத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆச்சா மரத்தில் ஏழு விரல் துளை. அடியில் ஐந்து துளை, அவற்றில் மெழுகு வைத்தும் எடுத்தும் ஒலியைத் திருத்துவார்கள். சாவி ஒன்றுகூட இல்லை. வைடிங்கரும் ஹாலிடேயும் அலாரியும் பன்னிரண்டு சுரத்துக்கும் அசையாத இடம் தேடினார்கள். நம் ஆசாரிக்கு அந்தத் தேவை எழவில்லை. துளையைச் சரியான இடத்தில் போட்டுவிட்டு, மீதியை வாசிக்கிறவர் விரலுக்கும் சீவாளிக்கும் விட்டுவிட்டார். இரண்டு யோசனையும் பெரியவை. எது உயர்ந்தது என்று கேட்டால், தோடி வாசிக்க நான் சாவியைத் தேடிப் போகமாட்டேன்; ஹைடனின் ச-ரி-க-வை வாசிக்க நாகசுரத்தையும் எடுக்கமாட்டேன்.

கடைசியாக உங்களிடம் இரண்டு கேட்டுக்கொள்கிறேன். பேண்டு வாத்தியம் வைத்திருக்கும் குடும்பங்கள் இந்தப் பக்கத்தில் உண்டு. பழைய ராணுவச் சரக்கு, மீரட்டிலிருந்து வந்த சரக்கு என்று பரணில் என்னென்னவோ கிடக்கும். பித்தளை எடைக்கு விலை போவதால், உடைந்த கருவி நேராக உலைக்குப் போய்விடுகிறது. போடுமுன் ஒரு நிமிடம் பாருங்கள். ஊதும் வாய் கிண்ணம்போல இருந்து, உடம்பில் துளைகளும் அவற்றின்மேல் கிண்ண மூடிகளும் இருந்தால், அல்லது துளைகளைப் பின்னாளில் தகடு வைத்து அடைத்த தடம் தெரிந்தால், அதை விற்காதீர்கள். பளபளப்பாக்குகிறேன் என்று பாலீஷ் போடாதீர்கள். அகன்ற வாயில் செய்தவர் பெயர் மங்கலாகப் பொறித்திருக்கலாம், அது தேய்ந்துவிடும். அரசு அருங்காட்சியகத்துக்குச் சொல்லுங்கள்.

இரண்டாவது, பட்டறை வைத்திருப்பவர்களுக்கு. ஆறு சாவி வைத்த பியூகிளை இன்றும் வெளிநாட்டில் சில வினைஞர்கள் பழைய மாதிரியைப் பார்த்துப் புதிதாகச் செய்கிறார்கள். செம்புத் தகடு, பித்தளைப் பூண், வெண்காரம், அரக்கு, தோல். இதில் அனுப்பர்பாளையத்திலும் அக்கம்பக்கத்திலும் கிடைக்காத பொருள் ஒன்றுமில்லை; தெரியாத வேலையும் அதிகமில்லை. துளையின் இடத்தைக் காதால் சரிபார்க்க ஒரு கிளாரினெட்காரரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு ஒன்று செய்து பாருங்கள். முதல் உருப்படி கசியும். மெத்தையை மாற்றிப் போட்டு மறுபடி ஊதிப் பாருங்கள்.